ஒரு நகரத்தின் ஒரே பாலம்

செக் நாட்டுத் தலைநகரான பிராகில், சார்லஸ் பாலத்தின் மேல் நின்று எந்தச் சுற்றுலா வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுத்தாலும், சிறிது நேரத்தில் அவர் ஓர் எண் வரிசையைச் சொல்லிவிடுவார்: 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. அதாவது 1357ஆம் ஆண்டு, 9ஆம் நாள், 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். பொஹீமியாவின், அதாவது செக் நாட்டின், அரசரும் புனித ரோமானியப் பேரரசருமான நான்காம் சார்லஸ், சோதிடர்கள் குறித்துக் கொடுத்த அந்த நிமிடத்தில்தான் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பது கதை. ஒற்றைப்படை எண்கள் ஒன்பது வரை ஏறி, மறுபடியும் ஒன்றுக்கு இறங்குவதால், பாலத்தின் உருவமே அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது என்று விளக்கமும் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நாழிகை பார்த்தே பழகிய நமக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை. நானும் முதலில் கேட்டபோது மகிழ்ச்சியோடுதான் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் 14ஆம் நூற்றாண்டின் அரண்மனைச் சோதிடர் அல்லர். 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செக் வானியல் வரலாற்றாளரான ஸ்டெனெக் ஹோர்ஸ்கி. சார்லஸ் சோதிடத்தில் ஈடுபாடு உடையவர் என்பது உண்மை. அந்த ஆண்டின் கோள் நிலைகளைக் கணக்கிட்டு, பொருத்தமான நாளையும் பொழுதையும் ஊகித்தார் ஹோர்ஸ்கி. பழைய பதிவுகளில் 1357 என்ற ஆண்டு இருக்கிறது, நிமிடம் இல்லை. இருப்பதற்கு வழியும் இல்லை. அக்காலத்துக் கடிகாரங்களுக்கு நிமிட முள் கிடையாது. பிராகில் பொழுதைச் சூரியன் மறைவதிலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது. பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டு முதல் ஓடும் புகழ்பெற்ற வானியல் கடிகாரத்தின் வெளிவட்டம் இன்றும் அந்தக் கணக்கைத்தான் காட்டுகிறது. அந்தக் கணக்கில் 'காலை 5 மணி 31' என்று ஒரு நேரமே இல்லை. ஆண்டுகளை ரோமன் எழுத்துகளில் எழுதுவதும் அப்போது பெருவழக்கு. இந்தியாவில் பிறந்து அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பா சென்ற இலக்கங்களில் எழுதினால்தான் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். பாலத்துக்கு வயது அறுநூற்றைம்பதுக்கும் மேல். இந்தக் கதைக்கு ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். அப்படியிருந்தும் பாலத்தைப் பற்றிய கதைகளில் மிகப் பழையது போலத் தோன்றுவது இதுதான்.

இந்தப் பாலத்தின் கதைகள் ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் கதை பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் கதை விழுந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஒரு வெள்ளமோ வழக்கோ வரிவசூலோ, வெளியே தெரிகிறது. வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைவிட அவையே எனக்குப் பிடித்துப் போயின.

முதலில் வெள்ளத்தைச் சொல்ல வேண்டும். வல்தாவா ஆற்றின் குறுக்கே, இதே இடத்தை ஒட்டி, இதற்கு முன்பே ஒரு கற்பாலம் இருந்தது. இரண்டாம் விளாடிஸ்லாவ் அரசரின் மனைவி யூதித்தின் பெயரால் அது யூதித் பாலம் எனப்பட்டது. 1158க்கும் 1172க்கும் இடையில் கட்டப்பட்ட அந்தப் பாலம், ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் டான்யூப் ஆற்றின் மேல் அதற்குச் சற்று முன்னர் எழுந்த கற்பாலத்தை அடுத்து, நடு ஐரோப்பாவின் பெரும் கட்டுமானங்களுள் ஒன்றாக விளங்கியது. 1342 பிப்ரவரியில் பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் அதைத் தகர்த்தது. சிறிய பக்கம் எனப்படும் மேற்குக் கரையில், சார்லஸ் பாலத்தின் இரட்டைக் கோபுரங்களுள் குட்டையாக இருப்பது அந்தப் பழைய பாலத்தின் மிச்சம். கிழக்குக் கரையில் அதன் ஒரு வளைவு சிவப்பு விண்மீன் சிலுவை வீரர் மடத்தின் நிலவறைக்குள் இருக்கிறது. பாலத்தின் பராமரிப்பும் சுங்கவரி வசூலும் 13ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மடத்தாரிடம்தான் இருந்தன.

யூதித் பாலம் விழுந்ததற்கு நேர்ந்த காரணங்களைப் புதிய பாலத்தின் தச்சர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. புதிய பாலம் பழையதைவிட உயரம்; வளைவுகள் குறைவு, ஆகவே தண்ணீர் போக இடைவெளி அதிகம். 516 மீட்டர் நீளம், ஏறத்தாழ 10 மீட்டர் அகலம், 16 வளைவுகள், முழுவதும் மணற்கல். தூண்கள் ஆற்றின் பாறை வரை இறங்கவில்லை. மரக்கட்டைகளின் மேல் பழைய மாவாலைக் கற்களைப் பரப்பி, அவற்றின் மேல்தான் எழுப்பப்பட்டன. புனித விட்டுப் பேராலயத்தைக் கட்டிய பீட்டர் பார்லர்தான் பாலத்தையும் கட்டினார் என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. ஓட்டோ என்ற கல்தச்சரே பொறுப்பாளராகத் தொடங்கினார் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. கிழக்குக் கோபுரம் பார்லரின் பட்டறைக் கைவண்ணம் என்பதில் ஐயமில்லை. வேலை முடிய 15ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. சார்லஸ் 1378லேயே இறந்துபோனார். அவருடைய பெயரும் 1870 அளவில்தான் பாலத்தோடு ஒட்டியது; அதுவரை நகரத்தாருக்கு அது வெறும் கற்பாலம், அல்லது பிராக் பாலம்.

பெயரில்லாமல் இருந்ததற்குக் காரணம் எளிது. வேறு பாலமே இல்லை. 1841இல் தொங்குபாலம் ஒன்று திறக்கப்படும் வரை, பிராகில் வல்தாவாவைக் கடக்க இந்த ஒரு பாலம்தான் இருந்தது. அரசனின் முடிசூட்டு ஊர்வலம், சந்தைக்குப் போகும் வண்டி, படை, பிணம் எல்லாம் இந்த 10 மீட்டர் அகலத்துக்குள்தான் போய்வர வேண்டும். ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் ஒரு நகரம் முழுவதும் ஒரே வழியில் நடந்தால், அந்த நகரத்தின் அச்சங்களும் வழக்குகளும் அங்கேதான் படியும். பிராகின் கதைகளில் இத்தனை ஏன் இந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டன என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

முட்டைக் கதை அவற்றுள் மிகவும் சிரிப்பானது. சாந்து இறுக வேண்டும் என்பதற்காக நாட்டின் ஊர்கள் எல்லாம் முட்டை அனுப்ப வேண்டும் என்று சார்லஸ் ஆணையிட்டாராம். வெல்வாரி ஊரார், வழியில் உடைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், வண்டி நிறைய முட்டைகளை அவித்து அனுப்பினார்களாம். உன்ஹோஷ்ட் ஊரார் பாலாடைக்கட்டியும் தயிர்க்கட்டியும் அனுப்பினார்களாம். பிராகின் தச்சர்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, வெல்வாரிக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்தார்கள்.

சாந்தில் முட்டை சேர்ப்பது தமிழ்நாட்டவருக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைமுறை. ஆகவே கதையின் அடிப்படை கேலிக்குரியதல்ல. ஆயினும் சுவரில் மெல்லிய மேற்பூச்சுக்கு முட்டை கலப்பது வேறு, ஆயிரக்கணக்கான வண்டிக் கல்லை ஒட்டும் சாந்துக்கு முட்டை திரட்டுவது வேறு. பாலத்தின் சாந்து மாதிரிகளைச் சோதித்த ஆய்வாளருள் ஒரு தரப்பினர் முட்டைப் புரதம் தென்படுகிறது என்றனர். வேறு தரப்பினர் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்தச் சச்சரவைவிடப் பிராகின் சுண்ணாம்பு முக்கியமாகப் படுகிறது. நகரைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லில் இயற்கையாகவே களிமண் கலந்திருக்கிறது. அதைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு காற்றுப்படாத இடத்திலும், தண்ணீருக்கு அடியிலும் இறுகும் தன்மை உடையது. பாலம் நிற்பதற்கு அது போதும். ஆனால் ஒரு கல்லின் வேதியியலைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்ல முடியாது. அவித்த முட்டையைச் சொல்லலாம். வெல்வாரி ஊராரும் பிற்காலத்தில் கேலியைத் தங்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பாலத்தின் தலைமைக் கதை நெபொமுக் ஜானுடையது. நடந்தது இவ்வளவுதான் என்று ஆவணங்களைக் கொண்டு சொல்லிவிடலாம். சார்லஸின் மகனான நான்காம் வென்செஸ்லாஸ் அரசருக்கும் பிராகின் பேராயர் ஜான் யென்ஷ்டைனுக்கும் இடையே ஆட்சியுரிமைப் பூசல். கிளாட்ருபி என்னும் செல்வம் மிக்க மடத்தின் தலைவர் இறந்ததும், அந்த மடத்தை ஒரு புதிய மறைமாவட்டமாக்கித் தம் ஆளை அமர்த்த அரசர் காத்திருந்தார். பேராயரின் முதன்மைக் குருவாக இருந்த நெபொமுக் ஜான், துறவிகள் தேர்ந்தெடுத்த புதிய மடத்தலைவரை உடனே உறுதிப்படுத்தி, அரசரின் திட்டத்தைக் கெடுத்தார். அரசர் சினந்து பேராயரின் அலுவலர்களைப் பிடித்தார். பேராயர் தப்பிவிட்டார். ஜான் சித்திரவதையில் உயிரிழந்தார், அல்லது இழக்கும் நிலையை அடைந்தார். 1393 மார்ச் 20ஆம் நாள் இரவு அவருடைய உடலைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்கள். பேராயர் ரோமாபுரிக்கு ஓடிப்போய்த் திருத்தந்தையிடம் கொடுத்த முறையீட்டில் இந்தக் கொலையும் விவரமாக இடம்பெற்றிருக்கிறது.

அரச நிர்வாகத்துக்கும் திருச்சபைக்கும் இடையே ஒரு நியமன உத்தரவு பற்றிய தகராறில் ஓர் அதிகாரி கொல்லப்பட்டார். இதில் கும்பிடுவதற்கு ஒன்றும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட வரலாறுகளில்தான் வேறொரு காரணம் தலைகாட்டுகிறது: ஜான் அரசியின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு, அரசி தன்னிடம் சொன்னதை அரசர் வற்புறுத்திக் கேட்டும் அவர் வெளியிட மறுத்தார், அதனால் கொல்லப்பட்டார். அவருடைய உடல் விழுந்த இடத்தில் தண்ணீரின் மேல் ஐந்து விண்மீன்கள் ஒளிர்ந்தன. வாயைத் திறக்காதவருக்காக ஆறே சாட்சி சொன்னது போல அமைந்த கதை அது. மடத்தலைவர் நியமனம் மறந்தே போயிற்று.

1541இல் வெளிவந்த வாட்ஸ்லவ் ஹாயெக்கின் செக் வரலாற்று நூல் ஆண்டைத் தவறாக 1383 என்று எழுதிவிட்டது. அதனால் நெடுங்காலம் இரண்டு ஜான்கள் இருந்ததாகக் கூடக் கற்றோர் நம்பினர்: 1383இல் பாவசங்கீர்த்தன இரகசியத்துக்காக இறந்தவர் ஒருவர், 1393இல் மடத்தலைவர் வழக்கில் இறந்தவர் மற்றொருவர். பாலத்தின் மேல் ஜானின் வெண்கலச் சிலை 1683ஆம் ஆண்டு நாட்டப்பட்டது. 1383ஐக் கொண்டு எண்ணினால் சரியாக 300 ஆண்டு. அச்சில் ஏறிய ஒரு பிழை, பாலத்தின் மிகப் பழைய சிலைக்கு ஆண்டு குறித்துக் கொடுத்துவிட்டது. பீடத்துக் கல்வெட்டிலும் 1383 என்றே இருக்கிறது.

அந்தச் சிலை எழுந்த காலமும் தற்செயலானதன்று. 1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியாவின் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் தோற்றபின், ஹாப்ஸ்பர்க் அரசும் இயேசு சபையாரும் நாட்டை மீண்டும் கத்தோலிக்கத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். செக் மக்கள் நெஞ்சில் ஏற்கனவே ஒரு ஜான் இருந்தார்: திருச்சபையைச் சீர்திருத்தப் போராடி, 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட குரு ஜான் ஹுஸ். அவருடைய இடத்தில் அமர்த்த அதே நாட்டின், அதே மொழியின், அதே பெயருடைய இன்னொரு தியாகி கிடைத்தது திருச்சபைக்கு வசதியாகப் போயிற்று என்று செக் வரலாற்றாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மக்கள் அவரிடம் போய் நின்றது ஹுஸை மறப்பதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீரில் இறந்தவர் என்பதால் வெள்ளத்துக்கும் பாலத்துக்கும் படகோட்டிக்கும் அவர் காவலரானார். ஆஸ்திரியா, பவேரியா, போலந்து எங்கும் பழைய பாலங்களின் ஓரத்தில், தலையைச் சுற்றி ஐந்து விண்மீனோடு நிற்பவர் அவரே.

புனிதர் பட்டத்துக்கான விசாரணைக்காக 1719இல் அவருடைய கல்லறையைத் திறந்தார்கள். மண்டையோட்டிலிருந்து செந்நிறத்தில், உலர்ந்த சதைத்துண்டு ஒன்று கிடைத்தது. இரகசியம் காத்த நாவு அழியாமல் இருக்கிறது என்று முடிவாயிற்று. 1721இல் அருளாளர், 1729இல் புனிதர். நாவைக் கையில் ஏந்திய தேவதைகள் ஐரோப்பாவின் பல பலிபீடங்களில் இடம்பிடித்தார்கள். 1973இல் மானிடவியலாளர் எமானுவேல் வில்செக் அந்தத் துண்டைச் சோதித்தபோது அது நாவன்று, மூளைத் திசு என்று தெரிந்தது. எலும்புகளில் கடும் காயங்களின் அடையாளமும் இருந்தது. இரகசியம் காத்த நாவு என்ற கதையை அறிவியல் எடுத்துவிட்டு, பேராயரின் முறையீட்டில் இருந்த சித்திரவதையைத் திருப்பிக் கொடுத்தது.

இப்போது சிலையின் அடியில் எப்போதும் ஒரு வரிசை நிற்கிறது. பீடத்தின் வெண்கலப் பலகைகளுள் ஒன்றில் ஜான் ஆற்றில் எறியப்படும் காட்சி. மற்றொன்றில் அரசியின் பாவசங்கீர்த்தனமும், முன்னால் ஒரு போர்வீரனும் நாயும். எறியப்படும் புனிதரைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்பது வழக்கு. வரிசையில் நிற்பவர்கள் இரண்டையும் தேய்ப்பதால், புனிதர் பளபளப்பதைப் போலவே நாயும் பளபளக்கிறது. நாயைத் தொட்டால் என்ன பலன் என்று நான் கேட்ட வழிகாட்டிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உடல் எறியப்பட்டதாக மரபு காட்டும் இடமோ சற்றுத் தள்ளிக் கைப்பிடிச் சுவரில், ஐந்து விண்மீன்கள் பதித்த சிறிய சிலுவையோடு இருக்கிறது. அங்கே வரிசை குறைவு.

ஜானை எறிந்த இரவில், எறிந்த இடத்துக்குக் கீழிருந்த வளைவு இடிந்தது என்று ஒரு துணைக்கதை தொடர்கிறது. பகலில் கட்டியது இரவில் சரிந்தது. மனம் வெறுத்த தச்சர் சாத்தானோடு உடன்படிக்கை செய்தார்: பாலத்தை முதலில் கடக்கும் உயிர் அவனுக்கு. ஒரு சேவலை முதலில் விரட்டிவிட்டு ஏமாற்றலாம் என்பது தச்சரின் எண்ணம். இதே சேவல் தந்திரம் ரேகன்ஸ்பர்க் பாலத்தின் கதையிலும் உண்டு. அங்கே அது பலித்தது. பிராகின் சாத்தான் கெட்டிக்காரன். தச்சரின் கையாளைப் போல வேடமிட்டு அவர் வீட்டுக்குப் போய், நிறைமாதமாக இருந்த மனைவியிடம், பாலத்தில் உன் கணவனுக்கு விபத்து என்று சொன்னான். அவள் ஓடி வந்து பாலத்தைக் கடந்தாள். அன்றிரவே தாயும் பிள்ளையும் இறந்தார்கள். பெயர் வைக்கப்படாத அந்தப் பிள்ளையின் ஆவி பாலத்தின் மேல் அலைந்து, இரவில் தும்மிக்கொண்டே இருந்தது. பல காலம் கழித்து, பாலத்தில் போன எளிய மனிதர் ஒருவர் தும்மலைக் கேட்டு, பழக்கத்தினால் 'கடவுள் காப்பாற்றட்டும்' என்றார். ஆவி நன்றி சொல்லி விடுதலை பெற்றது. நாமும் பிள்ளை தும்மினால் 'நூறு, இருநூறு' என்று வாழ்த்துகிறவர்கள்தாம். தும்மலுக்கு யாராவது ஒரு சொல் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருப்பதால், அந்தக் கதை எனக்கு அன்னியமாகத் தோன்றவே இல்லை.

வரலாற்றில் 1393இல் எந்த வளைவும் விழவில்லை. ஆனால் 1432இல் பெருவெள்ளம் தூண்கள் சிலவற்றைச் சாய்த்தது. 1496இல் மறுபடியும் ஒரு வளைவு உடைந்தது. பழுதுபார்க்கும் வேலை அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை இழுத்தது. நகரம் போரில் சிக்கிப் பணமின்றிக் கிடந்த காலம் அதில் பெரும்பகுதி. கட்டி முடியாத ஒரு வளைவைப் பார்த்தே பல தலைமுறை வளர்ந்திருக்கிறது. பகலில் கட்டுவது இரவில் சரிகிறது என்பது அவர்கள் கண்ணால் கண்டதற்கு வெகுதூரம் இல்லை. பாலம் கட்டினால் உயிர்ப்பலி கேட்கும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் அணை, பாலம் எழும்போதெல்லாம் கிளம்பியதுதான்.

பாலத்தின் கொடிய காட்சிகளுக்குக் கதை தேவைப்படவில்லை. 1621 ஜூன் 21 அன்று பழைய நகரச் சதுக்கத்தில், ஹாப்ஸ்பர்க் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் ஈடுபட்ட 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களுள் 12 பேரின் தலைகள் இரும்புக் கூடைகளில் கிழக்குக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டு, சாக்சனியின் படை 1631இல் நகருக்குள் வந்து இறக்கும் வரை அங்கேயே இருந்தன. பாலத்தைக் கடந்த ஒவ்வொருவரும் அவற்றின் கீழே நடந்தார்கள். 1648இல் ஸ்வீடன் படை மேற்குக் கரையையும் கோட்டையையும் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாக்கியபோது, மாணவர்களும் நகரத்தாரும் இயேசு சபைக் குரு யிர்ஷி பிளாஹி போன்றோரின் தலைமையில் கிழக்குக் கரையைக் காத்தார்கள். முப்பதாண்டுப் போர் தொடங்கிய நகரத்திலேயே அதன் கடைசிச் சண்டைகளும் நடந்தன. அந்தக் கோபுரத்தின் ஆற்றைப் பார்த்த முகம் இன்று மொட்டையாக இருப்பது பீரங்கிக் குண்டுகளால்.

அதே முற்றுகையில் உடைந்தவர் புருன்ட்ஸ்விக். பாலத்தை ஒட்டிய கம்பா தீவின் ஓரத்தில், ஒரு தூணின் தலைப்பில், வாளும் சிங்கமுமாக நிற்கும் வீரர். கதையின்படி அவருடைய மாய வாள் பாலத்துக்குள் புதைந்திருக்கிறது. செக் நாட்டுக்கு மிகக் கொடிய காலம் வரும்போது, பிளானிக் மலைக்குள் உறங்கும் வீரர்களோடு, செக் நாட்டின் காவல் புனிதரான வென்செஸ்லாஸ் புறப்பட்டு வருவார். பாலத்தில் அவர் குதிரை இடறும் இடத்தில் வாள் வெளிப்படும். 'பகைவர் தலை எல்லாம் வீழ்க' என்றதும் வீழும். ஜெர்மானியப் படை நுழைந்த 1939இலும் சோவியத் படை நுழைந்த 1968இலும் குதிரை இடறவில்லை என்பதைச் செக் நண்பர்கள் தங்களுக்கே உரிய வறண்ட நகைச்சுவையோடு நினைவூட்டுவார்கள். அந்தச் சிலை முதலில் நாட்டப்பட்டது வாளுக்காக அல்ல. பழைய நகரத்தின் சட்ட உரிமைகள், பாலத்துச் சுங்கம் உட்பட, எதிர்க்கரை வரை செல்லும் என்று அறிவிக்கும் எல்லைக்கல் அது. இப்போது நிற்பது லுத்விக் ஷிமெக் 1884இல் செதுக்கியது. வரிவசூல் உரிமையின் அடையாளம் நாட்டை மீட்கும் வீரராக மாறியதை, இந்தப் பாலத்தின் மிகப் பெரிய பதவி உயர்வு என்றே நான் சொல்வேன்.

சிலைகளும் சிலைக்குழுக்களுமாக இன்று பாலத்தின் மேல் 30 நிற்கின்றன. பெரும்பாலானவை 1706க்கும் 1714க்கும் இடைப்பட்டவை. அவற்றின் நடுவே உள்ள சிலுவையைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய எபிரேய எழுத்துகள் உள்ளன: 'சேனைகளின் ஆண்டவர் தூயவர், தூயவர், தூயவர்' என்ற மறைநூல் வரி. அது பக்திக் காணிக்கையன்று. தெய்வநிந்தனை செய்ததாக எலியாஸ் பாக்கோஃபன் என்ற யூதருக்கு விதிக்கப்பட்ட அபராதத் தொகையில் 1696இல் அந்த எழுத்துகள் செய்யப்பட்டன. யூதர்களின் வழிபாட்டுச் சொற்களையே எடுத்து, அவர்கள் வணங்காத உருவத்தின் மேல் பொருத்தி, பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர்கள் படித்துச் செல்லும்படி வைத்தார்கள். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில்தான் அதன் பின்னணியைச் சொல்லும் பலகை கீழே பதிக்கப்பட்டது. மற்றக் கதைகளுக்கெல்லாம் வழிகாட்டிகள் நிற்கிறார்கள். இங்கே சிலரே நிற்கிறார்கள்.

வெள்ளம் மட்டும் பாலத்தை விடவில்லை. 1784இல் பாலத்தின் மேல் இருந்த காவற்கூடம் காவலர்களோடு ஆற்றில் விழுந்தது. பிராகினர் வெள்ளத்தை அளக்கப் பிராடாச் என்ற தாடிக்காரரின் கல்முகத்தை நம்பினார்கள். யூதித் பாலத்தின் காலத்தது என்று கருதப்படும் அந்த முகம், கிழக்குக் கரையின் சுவரில் பதிந்திருக்கிறது. தண்ணீர் தாடியைத் தொட்டால் கரையோரத்தார் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாயைத் தொட்டால் பழைய நகரத்துத் தெருக்களில் வெள்ளம். வழுக்கைத் தலையும் மூழ்கினால் சதுக்கத்தில் படகு விடலாம். இந்தப் பாலத்தின் கதைகளில் மெய்யாகவே வேலை செய்தது இது ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் புதிய கரைச்சுவர் கட்டியபோதும் முகத்தை எடுத்து மறுபடி பதித்தார்களே தவிர எறியவில்லை. 2002 ஆகஸ்டில் விநாடிக்கு 5,000 கன மீட்டருக்கும் மேல் பெருகி வந்த வெள்ளத்தைப் பாலம் தாங்கிக்கொண்டது. பின்னர் நடுத் தூண்களின் அடித்தளங்களை வலுப்படுத்தினார்கள்.

1890 செப்டம்பர் வெள்ளத்தில் அப்படி நடக்கவில்லை. மேலே ஆற்றில் கட்டியிருந்த மரத் தெப்பங்கள் அறுந்து வந்து தூண்களுக்கு இடையே குவிந்து அணையாக நின்றன. தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் மூன்று வளைவுகள் சரிந்தன. அவற்றோடு ஃபெர்டினாண்ட் மாக்ஸ்மிலியன் பிரோகோஃப் செதுக்கிய இரண்டு பெரிய சிலைத்தொகுதிகளும் ஆற்றில் விழுந்தன. ஒன்று இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். மற்றொன்று புனித சவேரியார்.

பாலத்தின் மேல் ஒரு தமிழர் நின்று பார்க்க வேண்டிய இடம் என்று நான் கருதுவது இந்தச் சவேரியார் சிலைதான். 1711இல் நாட்டப்பட்டது. பல இனத்து மனிதர்கள் பீடத்தைத் தோளில் தாங்குகிறார்கள். மேலே சவேரியார் சிலுவையை உயர்த்தி நிற்க, அவர் எதிரே கீழை நாட்டு இளவரசர் ஒருவர் ஞானஸ்நானத்துக்குப் பணிகிறார். பரோக் காலத்து ஐரோப்பா கீழ்த்திசையை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான கல் எனக்குத் தெரியாது. முத்துக்குளித்துறையில் நடந்தது வேறு. 1542இல் சவேரியார் வந்தபோது பரதவர்கள், சில ஆண்டுகளுக்கு முன்பே, போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறியிருந்தார்கள். அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அவர் சிலரைத் துணைக்கு வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டுக் கடற்கரையில் அவர் தங்கிய குகை இன்றும் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துவிடுகிறது என்று அவர் எழுதிய கடிதத்தில் இருப்பவர்கள் கடற்கரைக் குழந்தைகள், இளவரசர்கள் அல்லர்.

வளைவுகளைச் செப்பனிட்டு 1892இல் பாலத்தைத் திறந்தார்கள். ஆற்றிலிருந்து மீட்ட சவேரியாரின் துண்டுகளை வைத்து, செனெக் வோஸ்மிக் செதுக்கிய நகல் 1913இல் பழைய இடத்தில் ஏறியது. இஞ்ஞாசியார் திரும்ப வரவில்லை. ஹாப்ஸ்பர்க் ஆட்சி முடிந்து செக்கோஸ்லோவாகியா பிறந்தபின், அவருடைய இடத்தை 1938இல் கரெல் துவோர்ஷாக்கின் சிரில், மெதோடியஸ் சிலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்லாவிய மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே மறையைக் கொண்டுவந்த இருவர். குழந்தைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவருக்கு எதிரே அவர்களை நிறுத்த யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. பிரோகோஃபின் கை பட்ட அசல் சவேரியாரைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாலத்தில் தேட வேண்டியதில்லை. மீட்டெடுத்த துண்டுகள் ஹோலெஷோவிட்ஸே பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிலைக் கூடத்தில் உள்ளன.